கஸ்தோன் மேல் போட்ட பழி

ஜனவரி 13, திங்கள்
−18. காற்று இல்லை. பஸ் பிந்தியது. சென்ட்-ஆன் பண்ணைக்குப் போய்ச் சேர 9.10.

பனியில் சறுக்குகிற ஆளை இழுக்க லாமா கஸ்தோனைப் பழக்குவது மூன்றாவது வாரம். முதல் வாரம் வெறும் சேணம். பிறகு பழைய டயர் ஒன்றைப் பின்னால் கட்டி இழுக்கவிட்டோம், சத்தத்துக்குப் பழக. இன்று முதல்முறை ஆள். ஆள் என்றால் பண்ணைக்காரி லூசி, வயது 61, நடக்கப் பழக முதலே பனிச்சறுக்குப் பலகையில் ஏறியிருப்பார். அவர் இடுப்புப் பட்டியிலிருந்து கஸ்தோனின் சேணத்துக்குக் கயிறு. நான் அவன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓட வேண்டும். "அலே" என்றால் ஓடுவான், "வோ" என்றால் நிற்பான். கெட்டிக்காரன். எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

வாங்க: தடித்த காலுறை, வெங்காயம், அக்கா மகளின் கலியாணத்துக்கு ஊசி நூல்.

ஜனவரி 15, புதன்
லூ. விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிவு.

நல்ல ஓட்டம். வேலி வளைவில் கஸ்தோன் சட்டென்று நின்றான். அவன்மேல் மோதாமல் இருக்க லூ. திரும்பினார், வேலிக் கட்டையில் போய் விழுந்தார்.

என் தொப்பிக்குள், காதில், அக்கா. அவவுக்கு டோர்வலில் துப்பரவு வேலை, பதினொன்றுக்கு இடைவேளை, அப்போதுதான் போன் எடுப்பா. ஓடும்போது போன் கூடாது. லூ. போட்ட ஒரே சட்டம் அது.

பனியில் கிடந்தபடி கேட்டார்: "ஏன் நிண்டவன்?"

"தெரியாது. அவனாத்தான் நிண்டவன்."

தெரியாது என்பது உண்மை. போனைப் பற்றி மூச்சுவிடவில்லை. சீ.

ஜனவரி 17, வெள்ளி
லூ. கையில் கட்டு. "சொல்லாமல் நிக்கிற மிருகத்தோட ஆளைக் கட்ட ஏலாது." செம்மறிக்குக் காவல் நிற்க லாமா தேடும் ஒருவர் அவனைக் கொண்டுபோக செவ்வாய் வாகனத்தோடு வருகிறாராம். கஸ்தோனைப் பார்த்து "மடையா" என்றார். ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அவன் "ம்ம்ம்" என்று முனகினான். நான் புல் அள்ளிக்கொண்டே நின்றேன்.

ஜனவரி 18, சனி
லூ. வீட்டுக்குள். நான் கஸ்தோனை டயரோடு நடத்தினேன். 11.05. அக்கா.

"என்னடி, கேக்குதே? மண்டபம் பிடிச்சாச்சு. சாப்பாட்டையும் அவையளிட்டையே சொல்லுவம், என்ன?"

"ஓம்."

கஸ்தோன் நின்றான். "அலே" என்றேன், நடந்தான்.

"நீ சேலை எடுத்திட்டியே?"

"ஓம் அக்கா."

நின்றான்.

போனை வைத்துவிட்டு, வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். ஓம். நின்றான். திரும்ப ஓம். திரும்ப நின்றான். அவன் காதுக்கு "வோ"வும், ஆமாம் என்கிற எங்கள் "ஓம்"மும் ஒன்றுதான். புதன்கிழமையும் அக்காவுக்கு ஓம் என்றிருப்பேன், அவன் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறான். சொன்னவள் நான்.

தொழுவத்துக்குப் பின்னால் போய் அழுதேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

ஜனவரி 19, ஞாயிறு
அக்காவிடம் சொன்னேன். "உனக்கென்ன விசரே? வேலை போயிடும். அதுக்கு என்ன, அங்கயும் புல்லுத்தானே தின்னப்போகுது."

அதற்கும் ஓம் என்றேன்.



ஜனவரி 20, திங்கள்
லூ.விடம் உண்மையைச் சொல்ல பஸ்ஸில் பிரெஞ்சு வசனம் பாடமாக்கினேன். சொல்லவில்லை. லூ.வுக்கு ஒற்றைக் கையால் ஜாக்கெட் சிப் பூட்ட முடியவில்லை, நான் பூட்டிவிட்டேன். "நீ இல்லாட்டி நான் என்ன செய்யிறது" என்றார். செருப்பால் அடித்தது போல இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்
−22. பத்துக்கு வாகனம். வந்த மனிதர் நல்லவர் மாதிரித்தான். கஸ்தோனைக் கூட்டிவரச் சொன்னார்கள். பாதி முற்றத்தில் அவனை நிறுத்தினேன்.

சொன்னேன். பாடமாக்கிய வசனம் முழுக்க மறந்துபோச்சு. போன், நான், புதன், பிழை என்னுடையது. லூ.வுக்கு விளங்கவில்லை. செய்து காட்டினேன். "அலே." நடந்தான். "ஓம்." நின்றான். "அலே." "ஓம்."

வந்தவர் சிரித்தார். லூ. சிரிக்கவில்லை.

"அண்டைக்கே உனக்குத் தெரியுமா?"

"போன் தெரியும். இது தெரிஞ்சது சனிக்கிழமை."

"இண்டைக்குச் செவ்வாய்."

வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு வாகனத்தை வெறுமையாக அனுப்பினார். இனி ஏச்சு எனக்குத்தான் என்று நின்றேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். என்னைத் தாண்டிக் கஸ்தோனிடம் போனார். நல்ல கையை அவன் கழுத்தில் வைத்து, "பார்தோன், மன்னிச்சுக்கொள். உன்னை மடையன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

நான் இன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.