தோளில் இருக்கும் உங்கள் பிடி

என் பேச்சி மதினிக்கு,

சாப்பிட்டீகளா? கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்ததும் நீங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அது. இல்லை என்று சொன்னால் உங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து என் மடியில் வைத்துவிடுவீர்கள். இப்போது நான் கேட்கிறேன். பதில் வராதென்று தெரிந்துதான் கேட்கிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். பேச்சியம்மாள் என் கணவருடைய கூடப்பிறந்த அக்கா. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம். என்னைத் தீக்குள்ளிருந்து வெளியே இழுத்துப் போட்டது இவர்தான். இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார்.

சீசன் நேரம் அது. பக்கத்து அறையில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தது சத்தம் இல்லை மதினி, வெளிச்சம். சத்தம் வரும்போது சுவர் என் கால்மேல் கிடந்தது. கூரை ஷீட் உடைந்து முதுகில் விழுந்தது. அருகே யாரோ எரிந்துகொண்டே ஓடியது தெரிந்தது. அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் வந்தீர்கள். முதலில் என் கையைப் பிடித்தீர்கள். தோல் உறைபோலக் கழன்று உங்கள் கையோடு போனது. சட்டையைப் பிடித்தீர்கள். அது கரியாக உதிர்ந்தது. மிஞ்சியிருந்தது நான் உள்ளே போட்டிருந்த பாடியின் பட்டை மட்டும். இப்போதைய பிள்ளைகள் பிரா என்று சொல்கிறார்களே, அதுதான். வலது தோளில் பாதி உருகிக் கிடந்த அந்த நைலான் பட்டைக்குள் நான்கு விரலையும் விட்டு, முறுக்கிப் பிடித்து இழுத்தீர்கள். அது உங்கள் விரலையும் சுட்டிருக்கும். என் எலும்புவரை இறங்கியது. நான் உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். விடுங்க, விடுங்க என்று கத்தினேன். நீங்கள் விடவில்லை.

கருவேல மரத்தடியில் என்னைப் போட்டுவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

“இங்கனயே கெட முத்து. மாரி உள்ள கெடந்து கூப்பிடுதா.”

மாரியம்மாள் எங்கள் வரிசையில் திரி வைக்கிறவள். அவள் கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு எப்படிக் கேட்டது? உண்மையிலேயே கேட்டதா? நீங்கள் வாசலைத் தாண்டியதும் இரண்டாவது அறை வெடித்தது.

உங்களையும் அவளையும் போர்வைகளில் எடுத்து வந்தார்கள். ஒரு ஆளின் கனம் அதில் இல்லை என்று தூக்கியவர் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். நல்லவேளை, நான் அதைப் பார்க்கவில்லை. அப்போது என்னை மதுரைக்கு ஏற்றிப் போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டையைத் துண்டு துண்டாக இடுக்கியால் எடுத்தார்கள். நைலான் சதையோடு ஒட்டியிருந்தது. கடைசியாகப் பட்டையின் கம்பி வளையம் வந்தது. தொடையிலிருந்து தோலை உரித்துக் கையிலும் தோளிலும் ஒட்டினார்கள். ஆறியபிறகு பார்த்தால் கழுத்தடியிலிருந்து முதுகுவரை ஒரு வாய்க்கால்போலத் தழும்பு. அதன் நடுவில் வளையத்தின் அச்சு.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பாடி போடுவது என்பது எனக்கு ஒரு பிரச்சினையானது. உங்களுக்குத்தான் தெரியுமே, நான் கனத்த உடம்புக்காரி. போடாமல் இருந்தால் மார்பின் பாரம் ஒட்டுப்போட்ட தோலைக் கீழே இழுக்கும். கழுத்து முறிந்துவிடும்போல வலிக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஆம்பளைகள் கண் அங்கேதான் நிற்கும். போட்டாலோ பட்டை அந்த மெல்லிய தோலை அறுக்கும். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் சட்டையில் ரத்தம் ஊறிவிடும். உரசல் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். எதைப் போட்டுக்கொள்வது என்று நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

உங்கள் தம்பியிடம் கேட்க முடியாது. அவர் உங்களைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து வேறு ஆளாக இருந்தார். குடிக்காத மனுஷன் குடித்தார். குடித்தால் ஒரே பேச்சுதான். எங்க அக்காளைக் குடுத்துட்டு நீ வந்துட்டியே என்பார். முதலில் சொல்லோடு நின்றது. பிறகு செம்பை எறிந்தார். பிறகு கை நீண்டது. ஒட்டுப்போட்ட உடம்பென்று அவருக்குத் தெரியும். வலிக்கிற இடம் எது என்றும் தெரியும்.

என்னிடம் தையல் மிஷின் இருந்தது. சட்டை தைத்துப் பழகிய கை. யாரும் செய்து தரமாட்டார்கள் என்றால் நானே செய்துகொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். கைக்குட்டையை மடித்துப் பட்டைக்கு அடியில் வைத்தேன். நாலு எட்டு நடப்பதற்குள் நழுவி முதுகுக்குப் போனது. பழைய மெத்தையிலிருந்து ஸ்பாஞ்சு வெட்டிவைத்துத் தைத்தேன். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் வேர்வையில் தோல் வெந்து கொப்பளித்தது. கழற்றியபோது ஏதோ தோன்றி, அந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளித் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினேன். சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்தது மதினி. அந்த வாடை. கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன். அதோடு ஸ்பாஞ்சு, நைலான் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பிறகு பழைய வேட்டித்துணியை அடுக்கி, நடுவில் பஞ்சு பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தேன். துவைத்தாலும் பஞ்சு ஒருபக்கமாகத் திரளவில்லை. அதைப் பட்டைக்கு உறைபோல மாட்டினேன். இனி நழுவாது. அகலம் கூட்டியதும் அறுப்பது குறைந்தது. ஆனால் தழும்பின்மேல் அழுத்தம் போகவில்லை. எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் புண்மேல் உட்கார்ந்தால் புண் புண்தானே.

ஒருநாள் குடம் தூக்குவதற்காகத் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தபோதுதான் பொறி தட்டியது. சும்மாட்டுக்கு நடுவில் ஓட்டைதானே இருக்கிறது! பாரம் சுற்றிலும் உட்காருகிறது, உச்சியைத் தொடுவதில்லை. குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து வெட்டினேன். தழும்புக்கு இந்தப் பக்கம் ஒரு திண்டு, அந்தப் பக்கம் ஒரு திண்டு. நடுவில் பள்ளம். பட்டை பாலம்போல அதற்குமேல் போகும். கம்பி வளையத்தைத் தோளிலிருந்து எடுத்து முதுகுப்பக்கம் கீழே தள்ளினேன். தையல் மடிப்பு எதுவும் தோலில் படாமல் வெளிப்பக்கமாகத் திருப்பினேன்.

அதைப் போட்டுக்கொண்டு சாத்தூர் சந்தைக்குப் போய் வந்தேன். கழற்றிப் பார்த்தால் ரத்தம் இல்லை. உட்கார்ந்து அழுதேன். வலியில்லாமல் அழுவது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

சேதி பெண்கள் வழியாகப் பரவியது. நம் பக்கத்தில் வெந்த தோளுக்கா பஞ்சம்? அச்சங்குளத்திலிருந்து வந்தார்கள், ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றுவார்கள். ஒவ்வொரு தோளிலும் ஒவ்வொரு வெடி. தழும்பைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, அதற்கேற்ப வெட்டுவேன்.

உங்கள் தம்பிக்கு இது தெரிந்ததும் வீடு ரணகளமானது. டீக்கடையில் யாரோ, உன் பொண்டாட்டி பாடி தைக்காளாமே என்று சிரித்திருக்கிறார்கள். பட்டப்பகலில் வந்தார். கொடியில் கிடந்த உருப்படிகளை எல்லாம் வாரி அடுப்பில் போட்டார். மிஷினைத் தூக்கித் தெருவில் எறிந்தார். இரும்பு உடைகிற சத்தத்துக்கு அக்கம்பக்கம் எல்லாம் வாசலுக்கு வந்தது. நான் தடுக்கப் போனேன். முஷ்டியை மடக்கி வலது தோளில் குத்தினார். ஒருமுறை இல்லை. தோல் பிளந்து சட்டை நனைந்தது. கீழே விழுந்தவளை மிதித்தார்.

என் கையில் துணி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அதை அவர் வயிற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டு எழுந்தேன். குத்தியிருப்பேன் மதினி. உங்கள் தம்பியாயிற்றே என்று அந்த நிமிடத்தில் நான் நினைக்கவில்லை. அவர் சுவரோடு ஒட்டி நின்றார். இன்னொரு கையால் சட்டையைத் தோளிலிருந்து கிழித்து இறக்கினேன். அதுவரை அவர் அந்தத் தோளைப் பார்த்ததே இல்லை. பார்க்கமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“நல்லாப் பாருங்க” என்றேன். “இது தீ சுட்டது இல்ல. ஒங்க அக்கா பிடிச்ச எடம். கடேசியா அவுக கை பட்ட எடம் இதுதான். இதுலதான் நீங்க குத்துதீக.”

அவர் பார்த்தார். ரத்தம் அந்த வாய்க்கால் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்து தன் தலையைச் சுவரில் மோதினார். நெற்றி உடைந்தது. நான் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் வந்து பிடித்தார்கள்.

பிறகு பல நாள் அவர் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது சைக்கிளில் மிஷினைக் கட்டிச் சாத்தூருக்குத் தள்ளிக்கொண்டு போனார். சரிபண்ணிக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார்.

“ஊசி புதுசு போட்டிருக்கு” என்றார். அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப்பின் கை நீட்டவும் இல்லை. குடியை விட்டுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன், குறைத்திருக்கிறார். டீக்கடைப் பக்கம் போவதில்லை. நான் இன்னும் கத்தரிக்கோலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அவருக்கும் அது தெரியும். நீங்கள் இருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்? உங்கள் தம்பியைச் செருப்பால் அடித்திருப்பீர்களா, என்னைச் சமாதானம் செய்திருப்பீர்களா? பல நாள் யோசித்துவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் விருதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். திண்டைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஸ்பாஞ்சு வைத்துப் பளபளப்பு நைலானில் தைத்தால் வண்டி வண்டியாக ஆர்டர் தருவதாகச் சொன்னார். எங்கள் ஊர்ப் பெண்கள் இதைப் போட்டுக்கொண்டு மருந்து அறைக்குத்தான் போவார்கள், தீ பிடித்தால் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஸ்பாஞ்சுத் துண்டை அவர் முன்னாலேயே கொளுத்திக் காட்டினேன். சொட்டுகிற தீயைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். போகட்டும். துணியும் பஞ்சுமாக, கையால் முடிகிறதைச் செய்கிறேன்.

ஏழாயிரம்பண்ணை செல்வி என்று ஒரு பெண். இரண்டு தோளும் வெந்தவள். கலியாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல்தடவை மாட்டிவிட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு, வலி வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மெதுவாக இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளித் தானே கொண்டை போட்டாள். வெடிக்குப் பிறகு அவள் தன் தலையைத் தானே முடிந்தது அன்றுதானாம். அந்தக் கொண்டை கோணலாக இருந்தது. அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நேற்று மதியம் கிழக்கே வெடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தெருவே ஓடியது. புகை வெள்ளையாக எழுந்து பிறகு கறுத்தது. உங்கள் தம்பி சட்டைகூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் திசைக்குப் போனார். பொழுது சாயும்போது திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் ரத்தமும் கரியும். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு பொம்பளையாளுக உசுரோட இருக்காக” என்றார். “தோளுதான் முத்து. ரெண்டு பேருக்கும் தோளுதான்.”

இன்று காலையில் வேட்டித்துணியை நனைத்துக் காயப்போட்டுவிட்டேன். அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு மாதக்கணக்காகும். தோல் ஒட்ட வேண்டும், ஆற வேண்டும். அவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் வருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு என் முன்னால் சட்டையைக் கழற்றும்போது, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கமாட்டேன். எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்பேன்.

என் கண்ணுக்கு ஊசித்துளை தெரிகிறவரை ஒருத்தியையும் திருப்பி அனுப்பமாட்டேன். நீங்கள் பிடித்த இந்தத் தோளில் இனி யார் கையும் விழ விடமாட்டேன், அது உங்கள் தம்பியின் கையாகவே இருந்தாலும் சரி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் விடாமல் இழுத்துவந்த,
உங்கள் தம்பி பெண்டாட்டி
முத்துலட்சுமி