ஒன்பதாவது கேள்வி

கடவுள் துணை
ஜூலை 3

என் குட்டிம்மாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். போனில் நீ "ம்" கொட்டுவதைக் கேட்பதைவிட எழுதுவதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா முழங்கால் வலிக்கு வெந்நீரா, ஐஸா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். நீ இன்னும் மூன்றாம் வருஷம்தான் என்றால், "டாக்டர் வீட்டுக்காரங்க இப்பவே பிகு பண்றீங்களே" என்கிறாள். அப்பா உன் பெயர்ப்பலகையை இப்போதே எழுதி வாங்கி வந்துவிட்டார். கூடத்தில் சாத்தி வைத்துத் தினமும் துடைக்கிறார்.

கொஞ்ச நாள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். பரீட்சை நேரத்தில் வந்தால் அப்பா என்ன நினைப்பார்? உன் பல்கலைக்கழகத்திலேயே புள்ளியியல் படிக்கும் அண்ணன், வகுப்போடு சேர்ந்து மாணவர்களின் மனச்சோர்வைக் கணக்கெடுத்தானாமே. "எங்க பசங்க பாதிப் பேர் அழுமூஞ்சிம்மா. டாக்டருக்குப் படிக்கிறவங்கதான் ஜம்முனு இருக்காங்க" என்றான். கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. தைரியமாக இரு. உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா


ஜூலை 9

அன்புள்ள அம்மா,

தையல்காரம்மாவை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல். நான் டாக்டர் இல்லை.

அண்ணன் கொடுத்த தாளில் ஒன்பது கேள்விகள். அதே தாள் எங்களுக்குப் பாடம், நோயாளிகளிடம் கேட்பதற்காக. எதைக் குறித்தால் என்ன மதிப்பெண் என்று எல்லோருக்கும் மனப்பாடம். சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து நிரப்பினோம். "ஏய், எல்லாத்துக்கும் 'இல்லை' போடுங்கடி. ஒன்பதாவதுல கை வச்சீங்க, நேரா டீன் ரூம்தான்" என்று வகுப்புத் தலைவி கத்தினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே 'இல்லை' போட்டோம். அண்ணனின் நண்பர்களுக்கு அது பாடம் இல்லை. அவர்கள் மனசில் இருந்ததைக் குறித்தார்கள்.

வார்டு, வகுப்பு, விடுதி. மூன்றையும் கூரை போட்ட நடைபாதை இணைக்கிறது. வானத்தைப் பார்க்காமலே வாரம் போய்விடுகிறது. லீவு கேட்டால் காரணம் எழுத வேண்டும். எழுதினால், "இவளா நோயாளியைப் பார்க்கப்போறா?" என்பார்கள். எழுதாவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டும்.

வரட்டுமா, அம்மா?

குட்டி


கடவுள் துணை
ஜூலை 14

குட்டிம்மா,

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த மனுஷரிடம் எப்படிக் காட்டுவது? கூடப் படிக்கிற பெண்கள் எல்லோரும் தாங்கிக்கொள்ளவில்லையா? பாதி ஆறு தாண்டிய பிறகு கையை விடலாமா? எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று நாலு வரி எழுதிப் போடு. அது போதும்.

அம்மா


ஜூலை 20

அன்புள்ள அம்மா,

படிப்பில் ஆர்வமாக இருக்கிறேன். மனம் சோர்வாக இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். களைப்பு இல்லை. பசிக்கிறது. என்னைத் தாழ்வாக நினைப்பதில்லை. பாடத்தில் கவனம் நிற்கிறது. பேச்சிலும் நடையிலும் மந்தம் இல்லை.

நீ சாப்பிடு.

குட்டி


ஜூலை 24, பேருந்தில்

குட்டிம்மா,

எழுத்து கோணலாக இருந்தால் ஓட்டுநரைத் திட்டு.

இன்று காலையில் உன் கடிதம் வந்தது. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகுதான், எந்தப் பெண் அம்மாவுக்குப் "பேச்சில் மந்தம் இல்லை" என்று எழுதுவாள் என்று உறைத்தது. அண்ணனிடம் அந்தக் கேள்வித்தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மளிகை வந்தால் ரசீதோடு வரிவரியாக ஒப்பிடுவேனே, அப்பாகூடக் கேலி செய்வாரே, அப்படித்தான் உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிசைகூட மாறவில்லை. அண்ணனின் தாளில் போட்ட அதே 'இல்லை'களை எனக்கும் போட்டிருக்கிறாய். நன்றாக இருப்பதாகத்தானே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாய்.

எட்டுக்கும் பதில் இருக்கிறது. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று கேட்கிற ஒன்பதாவதுக்கு மட்டும் இல்லை. அங்கே "நீ சாப்பிடு" என்று இருக்கிறது. அம்மாவிடம் அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்ல உனக்குக் கை வரவில்லை.

உடனே அண்ணனைக் கூப்பிட்டு, உன்னை விடுதியிலிருந்து கீழே வரச்சொல்லிக் கூடவே இருக்கச் சொன்னேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் ஓடினான். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "குடை எடுத்துக்க. அவளக் கூட்டிட்டு வா" என்றார்.

பரீட்சை கிடக்கட்டும். உன்னை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்போம். இத்தனை நாள் உனக்காகக் கடவுளிடம் கேட்டேனே தவிர, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாயால் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாய். அதனால்தான் எழுதிக் கையில் தருகிறேன். படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டுச் சொல்லு. முதல் கேள்வியிலிருந்து வேண்டாம், ஒன்பதாவதிலிருந்து ஆரம்பி. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா