எட்டாயிரத்து ஐம்பத்தொன்று

ஆவணி 14, வியாழன்

இன்று பட்டறையில் வாயைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம்.

கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டுக்குப் போகிற தரைக்கல் 8051. மிச்சம் விழாமல் சமவரிசையாக அடுக்க வேண்டும் என்று மேஸ்திரி அண்ணன் சொல்லியிருந்தார். நாலு நாளாகக் கல்லைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். மூன்று, ஏழு, பதினொன்று என்று எழுபத்தொன்பது வரை போனேன். எல்லாவற்றிலும் மிச்சம் வந்தது. இனி வகுபடாது, இது பகா எண்தான் என்று விட்டுவிட்டேன். இது சரியாக இருந்தால், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத அப்பாவிடம் கேட்பது என்று எனக்குள் முடிவு. விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

"எப்படி அடுக்கினாலும் மிச்சம் விழும்ண்ணே. இது பகா எண்" என்றேன்.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த முதலாளி மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தொண்ணூறு தொண்ணூறு 8100. அதுல ஏழேழு நாப்பத்தொம்பது குறையுது. அப்ப தொண்ணூறுல ஏழு குறைச்சு 83 வரிசை, ஏழு கூட்டி வரிசைக்கு 97."

மேஸ்திரி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கணக்கு டீச்சர் சொல்லிட்டாக, எல்லாரும் கேட்டுக்கங்க! போ தாயி, அங்குட்டுப் போயி கல்லைத் துடை."

எழுபத்தொன்பதுக்கு அடுத்த பகா எண்ணே எண்பத்து மூன்றுதான். இன்னும் ஒன்றைப் பார்த்திருக்கலாம்.

இரவு சாப்பிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள். "பரீட்சை விஷயத்த அப்பாட்டச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்பாள் என நினைத்தேன். "அதுவும் சரிதான்" என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.