அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர்

மார்ச் 3, திங்கள்

இன்றும் அவள் படத்தைத்தான் சுவரில் மாட்டினார்கள். படத்தில் இருக்கும் வீட்டுக்குப் பிளான் போட்டது நான். ஒன்பது நாள் வேலை. ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு படியும் என் கோடு. அதன் மேல் அவள் வெயிலையும் நிழலையும் ஏற்றி, போட்டோ மாதிரி ஒன்றைச் செய்துவிட்டாள். வீடு கட்டப்போகும் அம்மா உருகிப் போனார். "இந்தப் பொண்ணு கையில என்ன இருக்குன்னே தெரியலையே!" என் பிளானை நாலாக மடித்துக் கைப்பையில் செருகிக்கொண்டார்.

பதினொரு வருஷமாக இந்த ஆபீஸில் இருக்கிறேன். புதுசு வந்து ஏழு வாரம். (பெயர் எழுதப் பிடிக்கவில்லை. புதுசு போதும்.)

மார்ச் 5, புதன்

இன்ஜினியர் சார் கூப்பிட்டார். எங்கள் இரண்டு பேருடைய பழைய கம்ப்யூட்டரையும் மாற்றப் போகிறாராம். "எனக்கு இதெல்லாம் தலையும் புரியாது, வாலும் புரியாது. உங்களுக்கு என்ன வேணும், அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு நீங்களே பாத்து எழுதிக் குடுங்கம்மா. சீனியர் நீங்கதானே."

சீனியராம். வேலை ஆகவேண்டும் என்றால் மட்டும் ஞாபகம் வருகிற பட்டம்.

மார்ச் 6, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு டவர், புதுசுக்கு ஆல் இன் ஒன்.

இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன். நான் எழுதிக் கொடுத்தது தலைகீழ். என் வேலை வெறும் கோடு. திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல் இன் ஒன் எனக்குத் தாராளம். போட்டோ மாதிரிப் படம் வர மணிக்கணக்கில் ரெண்டர் ஓட்டுகிறவள் அவள். ஒரு படம் முடிவதற்குள் மெஷின் கொதித்துப் போகும். காற்று போய் வர இடமுள்ள பெரிய டவர் பெட்டி, நல்ல கிராபிக்ஸ் கார்டு, நாளைக்கு மெமரி கூட்ட வசதி, எல்லாம் அவளுக்குத்தான் வேண்டும். எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்.

சாப்பிடும்போது கேட்டாள். "எனக்கு எது நல்லதுங்க்கா?"

"ஆல் இன் ஒன் எடுத்துக்கோம்மா. வயர் தொல்லை இல்ல. மேசையும் பளிச்னு இருக்கும்."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

"நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

மெஷின்கள் வந்தன. அவளுடையது வெள்ளை, மெலிசு, ஒரே ஒரு வயர். ஆபீஸ் மொத்தமும் அவள் மேசையைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தது. சார்கூட கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் கறுப்புப் பெட்டி மேசைக்கு அடியில் கிடக்கிறது. காலை நீட்டினால் முட்டியில் இடிக்கிறது.

அவளுக்கு ஆகாததைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தவள் நான். அதைப் பார்த்தே எனக்கு வயிறு எரிகிறதே! இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

வீட்டில் அவர் வேறு: "கோடு போடறதுக்கு உனக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பெட்டி?" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

திரைக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருக்கிறாள். சூடு தாங்கவில்லையாம். குனிந்து சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

பள்ளிக்கூடக் கட்டட வேலை. கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள் படம் பாதிக்கு மேல் ஓடி அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் நின்றது.

கமிட்டிக்காரர்கள் முன்னாலேயே சார் அவளைப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசம் பாக்கலாம்னுதான் சேத்தேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல."

அக்காதான் இந்த மெஷினைச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேனே! பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மூன்றாவது தடவையாக ஆரம்பித்தாள்.

எவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 22, சனி

பிடிக்கவில்லை. எதுவும்.

மார்ச் 24, திங்கள்

காலையில் சார் அறைக்குப் போனேன். "மெஷின் நின்னதுல அவ மேல தப்பில்ல சார். நான்தான் மாத்தி எழுதிட்டேன். டவர் அவளுக்குத்தான் வேணும்."

சார் என்னையே பார்த்தார். "தெரியாம எழுதினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அவரும் விட்டிருப்பார். "தெரிஞ்சேதான் சார்" என்றேன்.

திரும்பினால், கதவருகே பிரிண்டரில் தாள் எடுத்தபடி அவள்.

டவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவள் மேசைக்குத் தூக்கிப் போனோம். "பாத்துக்கா, கால்ல போட்டுக்கப் போறீங்க" என்றாள்.

மார்ச் 28, வெள்ளி

பள்ளிக்கூடப் படம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. கமிட்டிக்குப் பிடித்துவிட்டது. அவள் வேலை நிரந்தரம் என்று எல்லோர் முன்னாலும் சார் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது.

ஏப்ரல் 16, புதன்

வெள்ளை மெஷின் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பிளான் வேலை தடங்கலில்லாமல் ஓடுகிறது.

இன்று பிரிண்டர் ரிப்பேர் செய்ய ஒருவர் வந்திருந்தார். புதுசு அவரிடம் போய் நின்றாள். "அண்ணே, என் தம்பி வீட்டுல வீடியோ எடிட்டிங் ஆரம்பிக்கிறான். டவர் வாங்கலாமா, ஆல் இன் ஒன் வாங்கலாமா?"

என் நாற்காலிக்கும் அவளுக்கும் ஒரு முழம்கூட இருக்காது. நான் தலையை நிமிர்த்தினேன்.

"எனக்குப் பிரிண்டர்தாம்மா தெரியும்" என்று இழுத்தார் அவர். "இருந்தாலும் தெரிஞ்சதச் சொல்லுங்கண்ணே" என்று, அவர் தட்டுத் தடுமாறிச் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். ஒன்றிரண்டு தப்பு. நான் மறுபடி என் பிளானில் குனிந்துகொண்டேன்.

தாளை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். சிரித்த முகம்தான்.

"டீ சொல்லப் போறேங்க்கா. உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லும்மா" என்றேன்.