சாலமோனின் இடது கை

என்னைவிட மூன்று மாதம் இளையவன் என்ற ஒரே உரிமையில், கல்லூரிக் காலம் தொட்டு என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமலே திறந்த தம்பி சாலமோனுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் மகள் ஜெபாவுக்கு நம் படிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆமாம், மாட்டு டாக்டர்தான். கலந்தாய்வு முடிந்த சாயங்காலமே எனக்குப் போன் செய்து, "கெடச்சிடுச்சு அத்த" என்று ஒரே அழுகை. எனக்கும் அழுகை வந்தது. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டிய சேதி என்னிடம் வந்துவிட்டதே என்றுதான்.

எஸ்தர் மட்டும் இரண்டு நாள் கழித்துப் பேசினாள். "அக்கா, இவள அனுப்பட்டா, வாணாமா? நீ இன்னா சொல்றியோ அதான்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். இருந்தது. உன் மனைவியிடம் ஒன்றரை வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொல்லாமல் போ என்றும் வேண்டாம் என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? எனக்கு அச்சரப்பாக்கம் பக்கம், உனக்குச் செய்யூர் பக்கம். முகாம் என்றால் இருவரும் சேர்ந்துதான் போவோம். சினைப் பரிசோதனை முகாம் எப்படி நடக்கும் என்று, இதை வேறு யாராவது படித்தால், அவர்களுக்குத் தெரியாது. தோள் வரை நீளும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, மாட்டின் பின்புறமாக இடது கையை முழுசாக உள்ளே விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். மாடு முக்கினால் கை நசுங்கும். ஒரு காலையில் முப்பது மாடு வரும். அதனால் ஒருவர் பார்ப்பது, மற்றவர் பதிவேட்டில் எழுதுவது, பத்து மாட்டுக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கொள்வது என்று பேசிவைத்தோம்.

அந்த ஒப்பந்தத்தை முதலில் உடைத்தவன் நீ. "நீ எழுதுக்கா, என் கையெழுத்து எனக்கே புரியாது" என்பாய். நானும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். பத்து இருபதாகும், இருபது முப்பதாகும். உன் கையெழுத்து அத்தனை மோசமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இடது தோள்தான் தகராறு. கல்யாண வீடுகளில் சந்தித்தால் குழந்தைகள் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் தோள் எப்படி இருக்கிறது என்றுதான் விசாரித்துக்கொள்வோம். வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள், நம் தொழிலில் வைத்தியரே சீக்கு என்று நீதான் சிரிப்பாய். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை முகாம் முடிந்து நீ உறையைக் கழற்றிக்கொண்டே, "தோள்லேர்ந்து முழங்கை வரிக்கும் இஸ்துகினே கீதுக்கா" என்றபோது, நான் பதிவேட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"முப்பது மாடு பார்த்தா இழுக்காம என்ன பண்ணும்? வீட்டுக்குப் போய் தைலம் தேய்" என்றேன்.

இவ்வளவுதான் சாலமோன். இதைத்தான் நான் எஸ்தரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு பசுவின் கண்ணைப் பார்த்தே காய்ச்சல் என்று சொல்கிறவள் நான். பக்கத்தில் வியர்த்து நின்றவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை காலை ஒரு வீட்டில் கன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தாயாம். கன்று எழுந்து நின்றதா என்று கேட்டாயாம். நின்றது. அவர்கள் ஆட்டோவைக் கூப்பிட்டு வருவதற்குள் நீ போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள்.

நான் உன்னோடு போட்ட சண்டைகளை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அரசாங்க வேலையை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து அணுபுரம் குடியிருப்புப் பக்கம் நாய்களுக்கு ஒரு கிளினிக் வைக்கலாம், ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? நீ ஒரே பதிலைத்தான் சொல்வாய். கூலி வேலை செய்த உன் அம்மா கடன் வாங்கிப் பிடித்த ஒரே பசு, டாக்டர் நாளைக்கு வருவார் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனது. அன்றிலிருந்து உனக்கு 'நாளைக்கு' என்ற சொல்லே ஆகாது. அதை நான் எப்படித் தப்பு என்பேன்?

ஆனால் உனக்கு ஓய்வெடுக்கவும் தெரியாது. இரண்டு குடும்பமும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், பிள்ளைகள் அலையில் ஆடுவார்கள், எஸ்தர் மீன் வறுவலுக்கு நிற்பாள், நீ மட்டும் சவாரிக் குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஜெபா உனக்கென்று வாங்கி வைத்த ஐஸ்கிரீம் அவள் கையிலேயே உருகி வழியும். அப்போது எனக்குக் கோபமாக வரும். இப்போது அந்தக் கோபத்தைக் கொடுத்து உன்னை வாங்க முடியுமானால் தேவலாம்.

எஸ்தருக்குப் பதில் சொல்லாமல் இருந்தபோது, போன மாதம் நடந்ததைக் கேள். உன் செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு ஊரில் முகாம். உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, நானே பார்த்து நானே எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாவது மாட்டில் என் இடது கை இழுத்தது. தோளிலிருந்து முழங்கை வரை, நீ சொன்ன அதே இடம். வரிசையில் இன்னும் இருபதுக்கு மேல் மாடுகள். எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? முடித்துவிட்டுப் போய்த் தைலம் தேய்க்கலாம் என்றுதான். அப்படித் தோன்றியதும் பயந்துவிட்டேன்.

உறையைக் கழற்றிக் கீழே போட்டேன். கை வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். விடிகாலையிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜனங்கள். திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வரிசையில் அடுத்து நின்ற முனியம்மா, உனக்கு வேர்க்கடலை மூட்டை கட்டித் தருவாளே அவள்தான், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போய்ட்டு வாம்மா. மாடு எங்க ஓடிடப்போது? நாளிக்கும் இங்கதான் கட்டியிருக்கும். சாலமோன் டாக்டரு ஒரு வார்த்த இப்டி சொல்லியிருந்தா, நாங்க வாணாம்னா சொல்லியிருப்போம்?"

அவள் மருமகன் ஆட்டோவில்தான் மதுராந்தகம் போனேன். மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத்துடிப்பைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, தோளில் தசைநார் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார். நான் அழுதேன். பயம் தெளிந்த அழுகை என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்தப் படம் எடுக்க ஆனது பத்து நிமிடம் சாலமோன். பத்தே நிமிடம்.

தோளுக்கு ஓய்வு வேண்டும் என்றார்கள். அதனால் மறுநாள் பக்கத்து ஊர் மாட்டு டாக்டரைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு போனேன். எல்லா மாடும் அங்கேயே நின்றன. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. எல்லா மாட்டுக்கும் நாளை என்று சொல்லிவிட முடியாது, எனக்குத் தெரியும். கன்று குறுக்கே திரும்பிவிட்டால் ஓடத்தான் வேண்டும். ஆனால் எது இன்று, எது நாளை என்று பிரித்துப் பார்க்கவும் நம் படிப்பில் ஒரு பாடம் இருந்திருக்க வேண்டும். முனியம்மாவின் பசு ஐந்து மாதச் சினை. உன்னிடம் சொல்லச் சொன்னாள், எப்படிச் சொல்வது என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காபி போடப் போனவளை உட்கார வைத்து, அந்தத் திங்கட்கிழமை நீ சொன்னதையும் நான் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். திட்டு எஸ்தர், உனக்கு உரிமை இருக்கிறது என்றேன். அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"மூணு நாளும் அந்தத் தைலத்த தேச்சு வுட்டது நாந்தானக்கா" என்றாள். "நான் யாருகிட்ட போயி சொல்றது?"

அவளும் ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். ஜெபா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் அவளே காபி போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை அதிகம், உன்னை மாதிரியே.

அனுப்பு என்று சொல்லிவிட்டேன் எஸ்தரிடம். ஒரு கன்று எழுந்து நிற்பதைப் பார்க்கிற சந்தோஷத்தை அந்தப் பெண்ணுக்கு நாம் ஏன் மறுக்க வேண்டும்? கல்லூரி திறப்பதற்குள் எல்லோரும் ஒரு நாள் மாமல்லபுரம் போகிறோம். ஐஸ்கிரீம் உருகுவதற்குள் சாப்பிடுவோம், குதிரைப் பக்கம் போக மாட்டோம். சரி, நொண்டுகிற குதிரை இருந்தால் மட்டும் போவோம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகள் டாக்டராகி முதல் முகாமுக்கு வரும்போது நான் இருந்தால், பத்தாவது மாட்டில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். நீங்கள் எழுதுங்கள் அத்தை என்று அவள் உன்னை மாதிரி ஏமாற்றினாலும் விடமாட்டேன். கை வலிக்கிறது என்று சொன்னாளானால், பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
அன்று நிமிர்ந்து பார்க்காத, மூன்று மாதம் மூத்த
உன் அக்கா பரிமளா