வெறும் வயிறு

2024 மார்ச் 4, திங்கள்
தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்குப் பதிலாக அம்மாக்கண்ணு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பாதிப் பேருக்குச் சளியாம், நான் கிட்டே போகக்கூடாது. வாசலில் நின்று கையாட்டினேன். என் மொட்டைத் தலை பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. கணக்கப்பிள்ளைக்குத்தான் இன்னும் இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

வியாழன் க்ளினிக். நாலாவது மருந்து ஏற்ற வேண்டும். முதலில் இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும்.

மார்ச் 7, வியாழன்
வீட்டுக்காரர் ஆண்டியப்பன் (பெயரை எழுதலாம், கூப்பிடத்தான் கூடாது) எனக்கு முன்பே எழுந்து ஃப்ளாஸ்கை நிரப்பிவிட்டார். "அவ்வளவு தூரம் போறே, தெம்பா இருக்கட்டும்." சீனியைக் கொட்டியிருந்தார். ராகலை பஸ்ஸிலேயே முடித்தேன்.

வரிசையில் பக்கத்துப் பெண் பிஸ்கட் நீட்டினாள். வேண்டாமென்றேன். சொன்னால் சொன்னபடி இருப்பவள் நான். நர்ஸ் பிரியந்தி மிஸ் சாப்பிட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். "நே மிஸ்," இல்லையென்றேன்.

இரத்தத்தில் சீனி 231. மருந்து ஏற்ற முடியாதாம். அடுத்த வாரம் மறுபடி பார்ப்பார்களாம்.

இது எங்கிருந்து வந்தது? மார்பில் வந்தது போதாதா? ஒரு வாரம் மருந்தில்லாமல் உள்ளே இருப்பது சும்மா இருக்குமா? பயமாக இருக்கிறது. சீனியைச் சொன்னேன், பயத்தை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 10, ஞாயிறு
சோறு பாதி. கிழங்கு இல்லை. தேத்தண்ணியில் சீனியையும் பாதியாக்கிவிட்டாராம், பெரிய மனசு.

மார்ச் 14, வியாழன்
இரத்தம் எடுக்கும் வரிசையில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். பிரியந்தி மிஸ் பார்த்துவிட்டார்.

"அம்மே! தே பொனவாத?"

"தேத்தண்ணிதானே மிஸ். ஒண்ணும் சாப்பிடல."

தலையில் கை வைத்துக்கொண்டார். "போன முறையும் குடிச்சதா?"

"அது எப்பவும் குடிக்கிறதுதானே மிஸ்."

வரிசையே சிரித்தது. சிரிக்காமல் இருந்தவர்கள் எங்கள் பக்கத்துப் பெண்கள் மட்டும். அவர்களும் குடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். தோட்டத்து லய வீடுகளில் 'ஒண்ணும் சாப்பிடல' என்று யார் சொன்னாலும் அவள் வயிற்றில் தேத்தண்ணி இருக்கும். தேத்தண்ணியை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்?

இரவு வார்டிலேயே படுக்கச் சொன்னார்கள். ஃப்ளாஸ்கை மிஸ் எடுத்து வைத்துக்கொண்டார்.

மார்ச் 15, வெள்ளி
தேத்தண்ணி இல்லாமல் மண்டை வெடித்தது. சீனி 98! நாலாவது மருந்து ஏறிவிட்டது.

போனில் சொன்னதும் அவர் சிரித்தார். அப்புறம் கேட்டார், "அப்ப நானா மருந்த நிப்பாட்டினேன்?"

"நீங்க இல்லங்க. சீனி."

மார்ச் 21, வியாழன்
7ஆம் தேதி எடுத்த இரத்தத்தில் புற்றுநோயைக் காட்டும் அளவையும் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவு இன்று வந்தது. முப்பதுக்குள் இருக்க வேண்டுமாம். ஜனவரியில் 34. இப்போது 71.

டாக்டர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

"அன்னைக்கும் தேத்தண்ணி குடிச்சிருந்தேன் டாக்டர். நிறையச் சீனி."

பிரியந்தி மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார், தேத்தண்ணியால் இல்லை என்று. அடுத்த வியாழன் இதை மட்டும் இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றுவார்களாம்.

"அதுக்கு வெறும் வயிறு வேணாம் அம்மா," என்றார் மிஸ். "தேத்தண்ணி குடிச்சிட்டே வாங்க."

ஐயோ, குடிக்காதே என்று திட்டியிருக்கக் கூடாதா?

மார்ச் 28, வியாழன்
இந்தத் தடவை குடிக்கலாமாம் என்று சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்லாகிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்துவிட்டார். ஏன் குடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பழையபடி சீனியைக் கொட்டி ஃப்ளாஸ்கை நிரப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.