மைனா உட்கார்ந்த இடம்

28.5.2025, புதன்
நேற்று பரத்துக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இன்று வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்து என்ன செய்ய? வெடிகுண்டு மோப்பம் பிடிக்க நாய் அனுப்பும் நெமிலிச்சேரி கம்பெனியில் ஒன்பது நாய். சோறு பொங்கி, கறி வேகவைத்து எட்டுக்கும் வைத்தேன். கடைசியில் மைனா கூண்டு. வாலை ஆட்டியது. இதுதான் என் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்த நாய். அதற்கும் வைத்தேன்.

29.5
பட்டாபிராம் ஸ்டேஷனில் ஒருத்தி இன்னொருத்தியிடம், “தோ போறாளே, குண்டுப் பையனோட அம்மா” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

30.5
மைனாவை நடத்திக்கொண்டு போகிற ஜெகதீசன் இன்றுதான் என்னிடம் பேசினான். பரத் மூட்டை கட்டும் செம்பரம்பாக்கம் குடோனுக்குக் குண்டு மிரட்டல் வந்ததால் கேட்டில் மைனாவை நிறுத்தினார்கள். பன்னிரண்டாம் தேதி.

“காலைல ஏழு மணிக்கு நிறுத்தனதுக்கா. அரை மணிக்கு ஒருக்கா நிழல்ல உடணும். ரெண்டாவது நாய் கேட்டேன், ஓனர் அனுப்பல. மதியம் ஷிப்டு வரச்சொல்லோ நாக்கு தொங்கிகினு கீது. வாயால மூச்சு வுடுற நாய்க்கு மூக்கு வேலை செய்யாது. அதுவும் பொட்டி, வண்டின்னா பழக்கம் உண்டு. நூறு ஆளு வேர்வையோட நிக்கிற வரிசைல யாரு வாசனை எதுன்னு அதுக்கு இன்னா தெரியும்?”

“அப்ப என் புள்ளைகிட்ட மட்டும் ஏன்டா உக்காந்துச்சு?”

“அதான் எனக்கும் புரியலக்கா.”

வெடி வாசனை வந்தால் உட்காரப் பழக்கிய நாய். அது உட்கார்ந்ததும் செக்யூரிட்டி தடியோடு பாய்ந்தான். பரத் பயந்து ரோட்டைத் தாண்டி ஓடினான். லாரி. பை கையிலேயே இருந்ததாம். பையில் குண்டு என்று ஒருத்தரும் கிட்டே போகவில்லை. ஆம்புலன்ஸ்கூடத் தள்ளி நின்றது. நாற்பது நிமிடம். பரத்தின் கை அசைந்துகொண்டு இருந்தது என்றான் ஜெகதீசன். குண்டு பார்க்கிற ஆட்கள் வந்து பையைத் திறந்தார்கள். தயிர் சாதம், சுண்டைக்காய் வற்றல்.

2.6
தெரிந்துவிட்டது.

காலையில் மைனாவின் கூண்டைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் உட்கார்ந்தது. எப்போதும் அப்படித்தான். விலா எலும்பு தெரிகிறதே என்று ஆறு மாதமாக அதற்கு மட்டும் ஈரல் வேகவைத்துக் கையால் கொடுக்கிறேன். மேலே தாவக் கூடாது என்று, உட்கார்ந்தால்தான் தருவேன். “கையால குடுக்காதக்கா, பழக்கம் கெட்டுப்பூடும், தட்டுல வை” என்று ஜெகதீசன் எத்தனை தடவை சொன்னான். அவன் போனதும் கொடுப்பேன்.

ஈரல் கொண்டுபோவது மஞ்சள் பையில். அன்றைக்கு பரத் பைக்கு ஜிப் போய்விட்டது. மஞ்சள் பையைச் சோப்புப் போட்டு அலசி, சோறு வைத்து நான்தான் கொடுத்தேன். “ஒரு மாதிரி நாறுதும்மா” என்றான். “ராஜா ஊட்டுப் புள்ள, எடுத்துகினு போடா” என்றேன்.

அதுதான் கடைசிப் பேச்சு.

4.6
ஓனர் கிருபாகரனிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். “வெளிய சொல்லாதம்மா. சொன்னா மொதல்ல உன் பேருதான் நாறும். உன் புள்ள திரும்பி வரப்போறானா?”

வரமாட்டான். ஆனால் குண்டுப் பையன் என்ற பேர் போகணுமே. நான் பெத்தது குண்டா?

9.6, திங்கள்
போலீசில் போய்ச் சொன்னதால் இன்ஸ்பெக்டர் எழிலரசி மேடம் கம்பெனிக்கு வந்தார். ஐந்து பைகளை வரிசையாக வைத்தார்கள். ஒன்று அந்த மஞ்சள் பை. கறை காய்ந்து கறுத்திருந்தது. மைனா நாலையும் தாண்டிப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது, எங்கே ஈரல் என்று.

கிருபாகரன் சிரித்தார். “பாத்தீங்களா மேடம், நாய் மேல தப்பே இல்ல.”

11.6
என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

20.6
போலீசிலிருந்து பேப்பர் வந்தது, இங்கிலீஷில். பக்கத்து வீட்டு ஆக்னஸ் படித்துக் காட்டினாள். பரத்திடம் வெடிப்பொருள் எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறது. சமையல் வேலை பார்த்த அவனுடைய தாய் நாயின் பழக்கத்தைக் கெடுத்ததே காரணம் என்றும் போட்டிருக்கிறது. வெயில் இல்லை. ஏழு மணி இல்லை. ரெண்டாவது நாய் இல்லை. நாற்பது நிமிடம்கூட இல்லை. “நல்லா தேடிப் பாருடி” என்றேன். அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

23.6
இப்போது குண்டு என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், “ஈரல் போட்டே புள்ளைய முடிச்சவ” என்கிறார்கள்.

26.6
ஜெகதீசன் போன் செய்தான். “மைனா மூணு நாளா தட்டைத் தொடலக்கா. உக்காந்துகினே கீது. நாளானிக்கு வேற கேட்டுக்கு டியூட்டி. ஒரு தபா வந்து கையால குடுத்துட்டுப் போயேன்.”

27.6
ஈரல் வாங்கி வேகவைத்துத் தூக்குச் சட்டியில் எடுத்துப் போனேன். மைனா உட்கார்ந்தது. ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றேன். கொடுக்கவில்லை. எச்சில் தரையில் ஒழுகியது. ஜெகதீசன், “இன்னாக்கா இது, குடு” என்றான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாற்பது நிமிடம்.

அது எழுந்திருக்கவே இல்லை.